ஹனாதியின் மேலுதடு

காபிக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் விசாரணை நீதிபதியின் அறையில் இத்தனை ஏலக்காய் போட்ட காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஊரில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தாலும் காபி மட்டும் எப்படியோ சூடாகக் கிடைத்துவிடுகிறது.

வக்கீலை வெளியே உட்காரச் சொன்னது நான்தான். உள்ளே இருந்தால் என்னைப் பேசவிடமாட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னால் புத்தியுள்ள எவருக்கும் புரியும் என்பது என் எண்ணம். உங்கள் புத்தியைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது. மேலுதடு கொஞ்சம் நீளம் என்பது மட்டும் தெரிகிறது. பேசும்போது உங்களுக்குக் கீழ்ப்பற்கள்தான் வெளியே வருகின்றன. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம்.

நான் பார்க்கிற நோய்க்கு ஒரு பெயர் உண்டு, உங்கள் எழுத்தருக்கு எழுத வராது. சிரிக்கும்போது பல் போதிய அளவு தெரியாமல் போவது, அவ்வளவுதான். பெய்ரூத்தில் இதைவிடப் பெரிய நோய்கள் இருக்கின்றனவே என்பீர்கள். வங்கிகள் கதவைச் சாத்திய வருடத்தில்கூட என் கிளினிக்கில் கூட்டம் குறையவில்லை, ஐயா. ஜெனரேட்டருக்குக் கட்டக் காசில்லாதவர்கள் முன்பல்லுக்குப் பீங்கான் உறை போட்டுக்கொண்டு போனார்கள். இருட்டில் எரிகிற மாதிரி வெள்ளை வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் விளக்கு இல்லாதவர்கள் கேட்பது ஒருவகையில் நியாயம்தான்.

கோடை வந்தால் வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கும். அபிஜானில் பிளாஸ்டிக் வாளி விற்கிறவன், தோஹாவில் ஏசி மாட்டுகிறவன், எல்லோருக்கும் திரும்ப விமானம் ஏறுவதற்குள் ஹாலிவுட் ஸ்மைல் வேண்டும். மதியம் தின்ற தப்பூலே சாலட்டின் பச்சை இலை பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்க, செல்போனில் ஏதோ நடிகையின் படத்தைக் காட்டி, 'இதே மாதிரி, டாக்டர்' என்பார்கள். அந்த நடிகையின் வாய் அந்த நடிகையின் முகத்தில் இருக்கிறது என்பதை நான் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொன்னால் புரியப்போவதும் இல்லை.

என் சக டாக்டர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்தவன் வாயைத் திறந்தால் பல்லை ராவத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் பல் டாக்டர்கள் இல்லை, டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். நான் அப்படி இல்லை. சிரிக்கும்போது பல் தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் பல இருக்கலாம். பல் தேய்ந்து குட்டையாகியிருக்கலாம். மேலுதடு நீளமாக இருக்கலாம், உங்களுக்கு இருக்கிற மாதிரி. உதட்டைத் தூக்குகிற தசைக்குத் தெம்பு இல்லாமல் போயிருக்கலாம். மேல்தாடை எலும்பே குறைவாக வளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. தேய்ந்த பல்லை நீட்ட வேண்டும், நீண்ட உதட்டை மூக்கடியில் வெட்டித் தைத்துச் சுருக்க வேண்டும். இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், பழக்கத்தால் மறைப்பார்கள். சின்ன வயதில் யாரோ பல்லைக் கேலி செய்திருப்பார்கள், அன்றைக்கு இறக்கிய உதடு ஏறியே இருக்காது. இவர்களைத் தொடவே கூடாது. நல்ல பல்லை ராவிவிட்டால் எனாமல் திரும்ப வளராது. பிறகு ஆயுளுக்கும் உறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

யார் எந்தக் கூட்டம் என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஆளை நிஜமாகச் சிரிக்க வைப்பது. 'சிரிங்க' என்று சொன்னால் எல்லோரும் போட்டோவுக்குச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு பொய் சொல்லும். தன்னை மறந்து சிரிக்கும்போது வீடியோ எடுத்து, உச்சத்தில் நிறுத்தி, பல் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று அளக்க வேண்டும். இந்த நாட்டில் அதைச் செய்தவன் நான் ஒருவன்தான்.

எனக்கு ஒரு குறை இருந்தது. என்னால் யாரையும் சிரிக்க வைக்க முடியாது. அசடர்கள் என்று பெயரெடுத்த ஹோம்ஸ் ஊர்க்காரர்களைப் பற்றிய ஜோக் ஒன்றை மனப்பாடம் செய்து ஒரு பெண்ணிடம் சொல்லிப் பார்த்தேன். கடைசி வரை கவனமாகக் கேட்டுவிட்டு, 'அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?' என்றாள். அதோடு விட்டுவிட்டேன். அந்த வேலைக்குத்தான் ஹனாதி வந்தாள்.

ஹனாதி, ஃபுர்ன் எல் ஷெப்பாக் பகுதியில் தாயோடு இருந்தவள். என்னிடம் நர்ஸாகச் சேரும்போது இருபத்தைந்து வயது இருக்கும். உறிஞ்சுகுழாய் பிடிப்பாள், கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைப்பாள், போனை எடுப்பாள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். ஆனால் மனிதர்களைச் சிரிக்க வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளே சிரித்தால் மேல்வரிசை முழுவதும் தெரியும், அதற்கு மேல் ஈறு ஒரு கோடு தெரியும். பாடப்புத்தகத்தில் போட வேண்டிய சிரிப்பு. அவள் லிஃப்டில் சிரித்தால் நான்காவது மாடியில் கேட்கும்.

வீடியோ எடுக்கும்போது நான் அறையில் இருக்கக் கூடாது என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள்.

"டாக்டர், நீங்க இருந்தா யாரும் வாயே தொறக்க மாட்டேங்கிறாங்க. பாதிரியார்கிட்ட பாவமன்னிப்புக் கேக்க வந்த மாதிரி உக்காந்திருக்காங்க. நீங்க போய் ஒரு சிகரெட் புடிச்சிட்டு வாங்க."

"நான் சிகரெட் பிடிக்கிறதில்ல."

"அப்ப பால்கனியில நின்னு ஜெனரேட்டர் புகையப் புடிங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

நான் வெளியே போய்க் கதவோரம் நிற்பேன். முதலில் ஹனாதியின் குரல் தாழ்ந்து கேட்கும், என்ன சொல்கிறாள் என்று பிடிபடாது. பிறகு உள்ளே இருப்பவர் குபீரென்று சிரிப்பார். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை. என் வீட்டில் ரேடியோவைத் தவிர வேறு குரல் கிடையாது. என் கிளினிக்கில் மனிதர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வீடியோவைச் சத்தத்தை அணைத்து ஓட்டி, வாயை மட்டும் பார்ப்பேன். வாயை அளக்கக் காது எதற்கு? இப்படியே பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

போன வருடம் ஜூனியேயில் ஒரு ஹோட்டலில் பல் டாக்டர்களின் மாநாடு நடந்தது. என்னைப் பேச அழைத்தார்கள். என்னுடைய நோயாளிகள் ஆறு பேரின் வீடியோக்களை எடுத்துப் போனேன். என் கம்ப்யூட்டரில் எப்போதும் சத்தம் அணைந்தே இருக்கும். ஹோட்டல்காரன் தன்னுடைய கம்ப்யூட்டரில் போட்டான். திரையில் ஜன்னல் அகலத்துக்கு ஒரு வாய் தெரிந்தது. ஸ்பீக்கரில் ஹனாதி பேசினாள். ஆனால் அது ஹனாதியின் குரல் இல்லை, என்னுடையது.

"அழகுங்கிறது ஒரு கணக்கும்மா. உங்க கணக்குல மூணு மில்லிமீட்டர் உதைக்குது. எங்க, வாயைக் காட்டுங்க. ம்ம். சோகம். ரொம்ப சோகம். உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாராவது இப்படிச் சிரிச்சுச் செத்திருக்காங்களா?"

அதன்பின் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. என்னைப் போல நடந்து காட்டுகிறாள் என்று புரிந்துகொண்டேன். திரையில் இருந்த வாய் வெடித்துத் திறந்தது. மேல்பல் அத்தனையும், ஈறும், உள்நாக்கும் தெரிந்தன. மண்டபம் சிரித்தது. நான் அடுத்த வீடியோவுக்குப் போனேன். அதிலும் நான்தான். வேறு வேடிக்கை எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை, ஆறு பேரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருந்தார்கள்.

மேடையில் நானும் சிரித்தேன். கீழே இறங்கியதும் வதீஃ என்கிற டைல்ஸ்காரன் என் தோளைத் தட்டினான்.

"உன் நர்ஸ் உன்னைவிட நல்லா நோய் கண்டுபுடிக்கிறா, மிலாத். அவளை மேடையில ஏத்திட்டு நீ உறிஞ்சுகுழாயப் புடிச்சுக்க."

சுற்றி நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். ஒவ்வொருவரின் வாயையும் பார்த்தேன். எல்லாம் மோசமான வேலைப்பாடு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஐயா. எனக்குக் கோபம் வரவில்லை. நாலு பேர் சிரித்ததற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் நான் இல்லை. என்னை உறுத்தியது தொழில் சம்பந்தமான விஷயம். மகிழ்ந்து சிரிக்கிற சிரிப்பு வேறு, ஒருவனை இளக்காரம் செய்து சிரிக்கிற சிரிப்பு வேறு. இளக்காரத்தில் மேலுதடு மூக்கோரம் சுருண்டு ஏறும், பல் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அப்படியானால் இத்தனை வருடம் நான் எடுத்த அளவுகள் அத்தனையும் தப்பு. வைத்தியம் தேவைப்பட்டவர்களைத் தேவையில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அளவுகோல் கோணலாக இருந்தால் அதை நிமிர்த்த வேண்டும். கடற்கரைச் சாலையில் கார் ஓட்டி வரும்போது இதைத்தான் யோசித்தேன், வேறெதையும் இல்லை.

மறுநாள் ஹனாதி சாத்தர் பொடி தடவிய மனகீஷ் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மாநாடு எப்டிப் போச்சு, டாக்டர்? கைதட்டினாங்களா?"

"நல்லாச் சிரிச்சாங்க" என்றேன்.

"உங்களப் பாத்தா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நானும் தலையாட்டினேன். நான் எதுவும் கேட்கவில்லை, அவளுக்கும் எதுவும் தெரியவில்லை. பழையபடி வீடியோ எடுக்கும்போது வெளியே போய் நின்றேன். இப்போது கதவில் காதை வைத்துக் கேட்டேன், அதுதான் வித்தியாசம்.

அந்தச் சமயத்தில்தான் நஈம் வந்தான். தோராவில் கோழி சுட்டு விற்கிறவன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தான். பிடுங்கிய பிறகும் பல்வலி, பல்வலி என்று வந்துகொண்டே இருந்தான். எந்தப் பல் என்று கேட்டால் கைக்கு வந்ததைக் காட்டினான். முப்பத்தாறு வயதில் ஹனாதிக்கு ஒரு வரன் அமைந்தது என்றால் அது இந்தக் கோழிக்காரன்தான்.

"எங்கிட்ட என்னத்தப் பாத்தேன்னு கேட்டேன், டாக்டர்" என்றாள். "உன் சிரிப்பைன்னான். கடையில பூண்டு அரைக்கிற மெஷின் மாதிரி சத்தமாம். அது ஓடுனாத்தான் கடை கடை மாதிரி இருக்கும்னான். நல்ல வார்த்தை ஒண்ணு தெரியாது அவனுக்கு."

சொல்லும்போது அவள் முகம் இருந்ததைப் பார்த்தால் யாரோ அவளுக்கு மாளிகை எழுதிவைத்த மாதிரி இருந்தது. பூண்டு மெஷினோடு ஒப்பிடப்பட்டதில் ஒரு பெண்ணுக்கு இத்தனை பூரிப்பு. இவர்களோடுதான் நான் நாளெல்லாம் இருந்தேன் என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் நெற்றிக் கோடுகளையும், சிரிக்கும்போது மூக்கின் மேல் விழுகிற சுருக்கத்தையும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். போட்டாக்ஸ் ஊசி. வாரத்தில் பாதி நாள் நான் போடுகிற ஊசிதான். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். என் கல்யாணப் பரிசாக இருக்கட்டும் என்றேன். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நெற்றிக்குப் போட வேண்டியதைப் போட்டேன். மூக்கின் மேல் போட வேண்டியதைப் போட்டேன். பிறகு மூக்கின் இரண்டு பக்கமும், கன்னத்து மடிப்பு தொடங்குகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டேன். மேலுதட்டைத் தூக்கும் தசைகள் அந்த இடத்தில்தான் கூடுகின்றன. ஈறு மிக அதிகமாகத் தெரிகிறவர்களுக்கு அங்கே துளியளவு போடுவது உண்டு. ஹனாதிக்கு அந்தத் துளி தேவையில்லை. நான் போட்ட அளவு யாருக்குமே தேவைப்படாது.

இந்த ஊசி முழுசாகப் பிடிக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். நிச்சயதார்த்தத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தது. என்னைப் பாதிரியாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மோதிரத்தை ஆசீர்வதித்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். ஹனாதி சிரித்தாள். கண் சிரித்தது, தோள் குலுங்கியது, சத்தமும் வந்தது. உதடு மட்டும் ஏறவில்லை. பாதியில் சிக்கிக்கொண்ட கடை ஷட்டர் மாதிரி நின்றது. அவளுக்கே ஏதோ புரிந்து கையால் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நஈமின் அம்மா உம் நஈம் எனக்குப் பின்னால் உட்கார்ந்து தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு மூஞ்சியப் பாரு. யாரோ இழுத்துட்டு வந்து நிறுத்தின மாதிரி இருக்கு."

"வெக்கமா இருக்கும்க்கா."

"முப்பத்தாறு வயசுல என்னடி வெக்கம்? எம்புள்ள கோழி விக்கிறவன்னு இளக்காரம். டாக்டர் வீட்டு ஏசியில இருந்து பழகினவ இல்ல?"

இந்த ஊரில் ஒரு முகம் இப்படி ஆனால் ஊசி போட்டது யார் என்று கேட்க மாட்டார்கள். கண் பட்டுவிட்டது என்பார்கள். நீலக் கண்ணும் முன்பல்லுக்கு நடுவில் இடைவெளியும் உள்ளவர் பார்த்தால் பச்சை மரமும் பட்டுப்போகும் என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். ஹனாதியின் கீழ்வீட்டு ஃபெரியாலுக்கு, பாவம், இரண்டும் இருந்தன. நிச்சயதார்த்தத்தன்று ஹனாதியின் கன்னத்தைப் பிடித்து, 'உன் சிரிப்பு இந்தத் தெருவுக்கே போதும்' என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

ஹனாதியின் அம்மா திருஷ்டி கழிக்க ஈயம் ஊற்றுகிறவளைக் கூட்டிவந்தாள். ஹனாதியைப் போர்வையால் மூடி உட்கார வைத்து, தலைக்கு மேல் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து, உருக்கிய ஈயத்தை அதில் கொட்டினார்கள். சீறிக்கொண்டு உறைந்தது. நானும் அங்கே இருந்தேன். ஆறுதலுக்கு வந்தவன் என்று எனக்கும் காபி கொடுத்திருந்தார்கள்.

"பாத்தீங்களா, டாக்டர், அப்படியே கண்ணு" என்று அம்மா ஈயத் துண்டை என்னிடம் நீட்டினாள். "அந்த நீலக்கண்ணியோட கண்ணு."

"ஈயத்துல நீலம் எங்கம்மா தெரியுது?"

"உங்களுக்குத் தெரியாது. நீங்க படிச்சவரு."

அதற்குப் பின் அந்தக் கட்டடத்தில் ஃபெரியாலுக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. அவள் சமைத்து அனுப்பிய திராட்சை இலைச் சுருட்டல் தட்டோடு வாசற்படியிலேயே கிடந்து காய்ந்தது. கடைசியில் ஃபெரியால் என் கிளினிக்குக்கு வந்து, முன்பல் இடைவெளியை அடைத்துவிடச் சொல்லி அழுதாள். அடைத்துவிட்டேன். வழக்கமான கட்டணம்தான் வாங்கினேன்.

ஹனாதி முழு முட்டாள் இல்லை. ஒரு நாள் கடைசி நோயாளி போனதும் கேட்டாள்.

"டாக்டர், அம்மா கண்ணுங்கிறாங்க. எனக்கென்னவோ ஊசியான்னு தோணுது. கொஞ்சம் கீழ எறங்கிருச்சோ?"

"உக்காரு, பாத்துருவோம்" என்றேன்.

அவளை நாற்காலியில் உட்கார வைத்து வீடியோவை ஓடவிட்டேன். அவளைச் சிரிக்க வைக்க அங்கே ஆளில்லை. என்னையே ஏதாவது சொல்லச் சொன்னாள். ஹோம்ஸ்காரர் ஜோக்கைச் சொன்னேன். அவள் என் மேல் இரக்கப்பட்டுச் சிரித்தாள். பல் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அதை நிறுத்தி, அளவுகோலை வைத்து அவளுக்குக் காட்டினேன். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வயதாகும்போது உதடு நீளும், தூக்கத்தில் கடித்துக் கடித்துப் பல்லும் தேய்ந்து போயிருக்கிறது, இது ரொம்ப நாளாகவே உள்ளே இருந்தது, இப்போது வெளியே தெரிகிறது என்று விளக்கினேன். உதடு ஏறாவிட்டால் பல்லைக் கீழே இறக்க வேண்டும், வேறு வழியில்லை.

"நீங்க சொன்னாச் சரி, டாக்டர்" என்றாள். அதை அவள் என் குரலில் சொல்லவில்லை, தன் குரலிலேயே சொன்னாள்.

மேல்வரிசையில் முன்பற்கள் ஆறு. கல்லு மாதிரி இருந்தன, ஒரு பொட்டுச் சொத்தை கிடையாது. அவற்றை ராவி, நீளமான உறைகள் போட்டேன். என் கையால் செய்ததில் அதைவிடச் சுத்தமான வேலை இல்லை, வேண்டுமானால் எந்த நிபுணரையும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் வேறு நர்ஸ் கிடையாது. அதனால் உறிஞ்சுகுழாயை அவளே தன் வாயில் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை கட்டைவிரலை உயர்த்தி எல்லாம் சரியாகப் போகிறது என்று எனக்கு ஜாடை காட்டினாள்.

இந்த ஊசியின் வேலை மூன்று நாலு மாதம்தான் நிற்கும். தேயத் தொடங்குவதற்குள் நெற்றியைக் கொஞ்சம் தொட்டுவிடுகிறேன் என்று சொல்லி மறுபடி போடுவேன். அவள் நன்றி சொல்வாள்.

கிளினிக் அமைதியானது. ஒருவரைப் போல நடிக்க முகம் முழுவதும் வேலை செய்ய வேண்டும், பாதி முகத்தோடு யாரையும் நடித்துக் காட்ட முடியாது. முயன்று பார்த்தாள். கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே இருந்தவர் மரியாதைக்கு, 'நல்லா இருக்கு' என்றார். அதற்குப் பிறகு அவள் வீடியோ எடுப்பதற்கு 'சிரிங்க' என்று மட்டும் சொன்னாள், அவர்களும் போட்டோவுக்குச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பால் நோய் கண்டுபிடிக்க முடியாது என்று உங்களிடம் சொன்னேன். நான் கண்டுபிடிக்கவும் இல்லை. அந்த மாதங்களில் நான் தொட்ட பற்களில் எது தேவையாக இருந்தது, எது இல்லை என்று எனக்கே தெரியாது. அவர்களும் அதைக் கேட்கவில்லை. வெள்ளையாக இருந்தால் போதும் அவர்களுக்கு.

நஈம் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு முழுக் கோழி, பூண்டு விழுதோடு.

"டாக்டர், நீங்க அவளுக்கு அப்பா மாதிரி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவளுக்கு என்னப் புடிக்கலையா? கடைக்கு வந்தா வாயப் பொத்திட்டு உக்காந்திருக்கா. பூண்டு வாசனை புடிக்கலையான்னு கேட்டேன், அழுவுறா. அம்மா வேற தினமும் காதக் கடிக்கிறாங்க. அவ ஒருக்கா பழைய மாதிரி சிரிச்சுட்டாப் போதும், டாக்டர், நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்."

பெரிய உடம்பு, வியர்வை. பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "கட்டாயப்படுத்தாதப்பா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உம் நஈம் வந்து மோதிரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திங்கட்கிழமை ஹனாதி வழக்கம்போல வேலைக்கு வந்தாள். கோழி நன்றாகத்தான் இருந்தது.

பித்தப்பையில் கல் என்று என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திராவிட்டால் இப்போது இந்தக் காபியை நான் குடித்துக்கொண்டிருக்க மாட்டேன். அறுவை சிகிச்சை, அதன்பின் வீட்டில் ஓய்வு, ஒரு தவணை ஊசி தவறிப்போனது. ஹனாதிதான் தினமும் எனக்குச் சூப் கொண்டு வந்தாள். வேறு யாரும் வரவில்லை. ஒரு நாள் சூப்பை மேஜையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றாள்.

"உதடு வந்திருச்சு, டாக்டர்."

பார்த்தேன். வந்திருந்தது. உதடு இருக்கிற இடத்தில் உதடு இருந்தது, நான் நீட்டிய பற்கள் கீழுதட்டில் இடித்துக்கொண்டு நின்றன.

"நல்ல விஷயம்தான" என்றேன்.

"வயசானா நீண்டுருமே. நீண்டது திரும்ப வருமா?"

நான் சூப் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

"என் பல்லு நல்லாத்தான இருந்துச்சு?"

"ஆமா."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இவர்கள் எல்லாவற்றுக்கும் கத்துகிறவர்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காரணத்தை மட்டும் சொல்லச் சொன்னாள். ஜூனியேயில் நடந்ததைச் சொன்னேன், அளவுகள் கெட்டுப்போனதையும் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அதுக்கா?" என்றாள். "ஒருக்கா உள்ள வந்து உக்காந்திருந்தா உங்க முன்னாடியும் செஞ்சு காட்டியிருப்பேனே, டாக்டர். யாரும் உங்களக் கெட்டவரா நினைக்கல. பயந்துட்டு வர்றாங்க, நான் உங்கள மாதிரிப் பேசினதும் பயம் போயிரும். அப்புறம் நீங்க உள்ள வந்தா உங்களப் பாத்துச் சிரிப்பாங்க. அவங்களுக்கு உங்களப் புடிச்சுப்போச்சுன்னு உங்களுக்குத் தோணினதே இல்லையா?"

என்ன அசட்டுப் பேச்சு பாருங்கள். ஆறு பல்லை இழந்து உட்கார்ந்திருக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அழுதாள், பிறகு சூப் கிண்ணத்தைக் கழுவிவைத்தாள். அங்கிருந்து நேராகப் போலீஸுக்குப் போயிருக்கிறாள்.

ஆக, எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஊசியைத் தெரிந்தே போட்டேன், ஒவ்வொரு தடவையும். நோய் இல்லை என்று தெரிந்தே நோய் என்று சொன்னேன். நல்ல பல் என்று தெரிந்தே ராவினேன். அந்தக் கோழிக்காரன் ஒரே ஒரு சிரிப்புக்காகக் காத்திருக்கிறான் என்று தெரிந்தே அவனை அனுப்பிவைத்தேன். கை தவறியது என்று என் வக்கீல் சொல்லப் பார்ப்பார், நம்பாதீர்கள். என் கை தவறாது. கோபத்தில் செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அது முக்கியம். கோபப்படுகிற அளவுக்கு இவர்கள் யாரும் எனக்குப் பெரிதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரு நிமிடம், ஐயா. வெளியே அது யார்?

ஹனாதிதான். வாக்குமூலம் கொடுக்க அவளையும் இன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தீர்களா? அந்தக் கரகரத்த குரல் கோழிக்காரனுடையது, வந்துவிட்டான் போலிருக்கிறது. இன்னொரு குரல் என் வக்கீல். என் வக்கீல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறார். உங்கள் எழுத்தரும் குனிந்துகொண்டு உதட்டைக் கடிக்கிறார், அவருக்கு இங்கிருந்தே ஏதோ காதில் விழுந்திருக்கிறது. கதவைத் திறக்கச் சொல்லுங்கள். வேண்டாம், திறக்காதீர்கள், என்னைக் கண்டால் நிறுத்திவிடுவார்கள். எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். யாரையாவது மெதுவாக வெளியே அனுப்பி ஒன்றே ஒன்றைக் கேட்டு வரச் சொல்லுங்கள், ஐயா: என்னைப் பற்றியா சிரிக்கிறார்கள்?